சிப்பர் மெஷின் மலைக்கு வருமுன் பேசித் தீர்க்க வேண்டியவை

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் என்றால் சம்பளப் பேச்சு என்று நினைத்து வந்திருப்பீர்கள். சம்பளமும் இதற்குள் வரத்தான் போகிறது. ஆனால் முதலில் ஒரு மெஷினைப் பற்றிப் பேச வேண்டும். மரக்கொப்பையும் பற்றையையும் ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கம் சின்னச் சின்னச் சில்லாக வெட்டித் துப்புகிற சிப்பர் மெஷின். றோட்டோரம் மரம் வெட்டுகிற இடங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அதைக் கொண்டுவரப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வந்து இறங்கிய பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை. அதனால்தான் இன்றைக்கே பேசுகிறோம்.

மெஷினே வேண்டாம் என்று சொல்ல நாம் கூடவில்லை. நனைந்த கொப்பைத் தோளில் போட்டு மேட்டில் இழுத்தவர்களுக்கு அந்தப் பாரம் தெரியும். முதுகு ஒடிகிற வேலையைக் குறைக்கிற எதையும் சங்கம் தடுக்காது. ஆனால் மூன்று விஷயம் தீராமல் அந்த எஞ்சினை நம் மலையில் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. ஒன்று, நம் அடுப்புக்கு விறகு. இரண்டு, நம் கை கால். மூன்று, நம் பேர்.

விறகும் மண்ணும்

தேயிலையை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுகிறோம். உயரமான மலைகளில் இடைவெளி கூடும், கீழ்ப்பகுதிகளில் குறையும். வெட்டி விழுவதில் இலை இருக்கிறது, மெல்லிய வாது இருக்கிறது, மொத்தமான மிலாறு இருக்கிறது. மிலாறு எங்கே போகிறது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை விட்டு வரும்போது கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக் கொண்டு லயத்துக்கு வருகிறோம். அடுப்புக்கு மேலே பரணில் காய வைக்கிறோம். மழை மாதத்தில் அதுதான் சோறு. 2022இல் நாடு முழுக்க கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது, நம் வீடுகளில் உலை கொதித்தது அந்த மிலாற்றில்தான்.

விறகுப் புகை நல்லது என்று நாம் சொல்லவில்லை. தாய்மாருடைய கண்ணும் நெஞ்சும் அதை அறியும். கேஸ் வாங்கக் கட்டுப்படியாகிற வருமானம் வந்தால் நாமே விட்டுவிடுவோம். அது வருவதற்கு முன்னால் மிலாறு முழுவதையும் மெஷினுக்குள் போட்டால் என்ன நடக்கும்? விறகுக்காக நம் பெண்கள் இன்னும் தூரம் போவார்கள். காட்டோரம் போவார்கள், ஆற்றோரம் போவார்கள், குளவிக்கூடு இருக்கிற பற்றைக்குள் போவார்கள். யாரோ ஒருவருடைய வேலை லேசாகி, அந்தச் சுமை முழுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில் ஏறும்.

ஆகவே முதல் கோரிக்கை இது. கட்டைவிரல் மொத்தத்துக்கு மேற்பட்ட மிலாறு முதலில் தொழிலாளர் அடுப்புக்கு. கவ்வாத்து முடிந்த மலையில் அதைப் பொறுக்கி எடுக்க ஒரு வாரம் விட வேண்டும். “அது காலங்காலமாக இருக்கிற வழக்கம்தானே, எழுதுவானேன்?” என்று கேட்பார்கள். வழக்கம் என்பது துரை மாறினால் மாறும். எழுத்தில் இருந்தால் புதுத் துரையிடமும் காட்டலாம்.

இலையும் மெல்லிய வாதும் வேறு கதை. அவற்றுக்கு மெஷினே தேவையில்லை. சிப்பர் மெஷின் பாரமானது. சமமான இடத்தில் நிற்க வேண்டியது. தேயிலை நிரைக்குள்ளே, சரிவில் அதை ஏற்ற முடியாது. றோட்டில்தான் நிறுத்த வேண்டும். அப்படியென்றால் வெட்டிய இலையை எல்லாம் நாம் றோட்டுக்கு இழுக்க வேண்டி வரும். அது நமக்கும் வீண் பாடு, மண்ணுக்கும் நட்டம். கவ்வாத்து இலையிலும் வாதிலும் உரச்சத்து இருக்கிறது. விழுந்த இடத்திலேயே நிரைக்கு நடுவே பரப்பிவிட்டால் அது மக்கி அதே தூருக்குத் திரும்பப் போகும். மழையில் மண் கழுவிப் போகாமல் மூடியும் நிற்கும். நெருப்பு வைத்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். மிஞ்சுகிற சாம்பலை அடுத்த மழை கானுக்குள் அடித்துக் கொண்டு போகும்.

மண்ணைப் பற்றி நமக்கென்ன, அது கம்பனியின் பாடு என்று நினைக்க வேண்டாம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருடம் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாக விழுந்தது. உரமில்லாத தூரில் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாவிட்டால் கிலோ நிறையாது. கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். மண்ணின் பசி கடைசியில் நம் செக்ரோலில்தான் வந்து நிற்கிறது.

அப்படியானால் மெஷினுக்கு எது? நிழல் மரத்தின் கொப்புகள், காற்றில் சாய்ந்த மரங்களின் கிளைகள், மின்கம்பிக்காகவும் றோட்டுக்காகவும் வெட்டுகிற மரங்கள், காடாகிப் போன மலைகளைத் துப்புரவாக்கும்போது வருகிற பற்றை. இவற்றைக் குவித்து எரிப்பதைவிடச் சில்லாக்குவது நல்லது. வரட்சியான மாதங்களில் ஒரு குவியலுக்கு வைத்த நெருப்பு மலையையே பிடிப்பதைப் பார்த்துக் கொண்டுதானே இருக்கிறோம்.

வருகிற சில்லை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மரக்கறித் துண்டு வைத்திருக்கிறவர்களுக்கும் இது உதவும். மண்ணுக்கு மேலே மூன்று, நான்கு அங்குலத்துக்குப் பரப்புங்கள். செடியின் அடித்தண்டில் முட்டவிடாமல் ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். முட்டினால் ஈரம் தங்கித் தண்டு அழுகும். பச்சைச் சில்லை மண்ணோடு கொத்திக் கலக்க வேண்டாம். அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக் கொள்ளும். போஞ்சியும் கோவாவும் மஞ்சளடிக்கும். கலக்க வேண்டுமானால் மாட்டுச் சாணத்தோடு குவித்து, புரட்டிப் புரட்டி, நன்றாக மக்கிய பிறகு கலக்கலாம். கானுக்குள் ஒரு சில்லும் விழக்கூடாது. கான் அடைபட்டால் தண்ணீர் கரையை உடைத்துக் கொண்டு கீழேயுள்ள லயத்துக்குத்தான் வரும். பொரியா வேர்நோய் பிடித்த தூரையோ மரத்தையோ ஒருபோதும் சில்லாக்கிப் பரப்பக்கூடாது. நோயை நாமே சுமந்து போய் அடுத்த மலையில் விதைத்ததாகும். அதை வேரோடு பிடுங்கி எரிப்பதுதான் முறை. சந்தேகம் இருந்தால் தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்திடம் கேட்கச் சொல்லி நிர்வாகத்தை வற்புறுத்தலாம். 1925இலிருந்து இயங்குகிற நிலையம் அது.

கை கால்

இனி இரண்டாவது விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

அந்த மெஷினுக்குள்ளே பாரமான ஒரு சக்கரம் அல்லது உருளை இருக்கிறது. அதில் கத்திகள் பூட்டியிருக்கும். வாய் போலத் திறந்திருக்கும் பக்கத்தில் நாம் கிளையை வைப்போம். பல மெஷின்களில் அந்த வாய்க்குள்ளே பல் வைத்த உருளைகள் உண்டு. கிளையைக் கவ்வி உள்ளே இழுப்பது அவைதான். நிமிடத்துக்கு 20 முதல் 40 மீட்டர் வேகத்தில் இழுக்கிற மெஷின்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு செக்கனுக்கு ஓரடியிலிருந்து இரண்டடி. விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும் எவ்வளவு? இரண்டடி சொச்சம். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் கை முழுவதும் போய்விடும். கத்துவதற்கு நேரம் இருக்கும். இன்னொருவர் ஓடி வந்து நிறுத்துவதற்கு நேரம் இருக்காது. அந்த உருளைக்குக் கிளை எது, கை எது என்று தெரியாது.

இப்போது நம் உடுப்பைப் பாருங்கள். இடுப்பில் படங்கு, அதைக் கட்டிய கயிறு, தலையில் துணி, தோளில் சேலை முந்தானை, கையில் வளையல், கழுத்தில் தாலிக்கொடி. மழை, குளிர், தேயிலை வாது எல்லாவற்றிலிருந்தும் நம்மைக் காப்பாற்றுகிற உடுப்பு இது. அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இதைவிட மோசமான உடுப்பு கிடையாது. ஒரு சுள்ளி படங்கில் மாட்டினால் போதும், சுள்ளியோடு ஆளையும் இழுக்கும். ஆகவே கொழுந்து மலையில் நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டு, “கொஞ்ச நேரம் இதற்குக் கொப்புக் கொடு” என்று சொல்வதை எந்தத் தலைவரும் அனுமதிக்கக் கூடாது. அந்த வேலைக்கென்று உடம்போடு ஒட்டிய உடுப்பு, சப்பாத்து, முகம் மூடும் தலைக்கவசம், காதுக்கு மூடி, மணிக்கட்டில் தொங்காத கையுறை எல்லாம் தோட்டம் கொடுக்க வேண்டும். நம் செலவில் வாங்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது.

வேலை செய்யும் முறையை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். உங்கள் தோட்டத்துக்குப் போய் இதே வரிசையில் சொல்லுங்கள்.

முதலாவது, மெஷின் சமமான தரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிற்க வேண்டும். சில்லு பறக்கும் வாய் லயத்தையோ நடைபாதையையோ பார்க்கக் கூடாது. சுற்றி 30 அடிக்குக் கயிறு கட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பாதை பக்கத்தில் இருந்தால், பிள்ளைகள் கடந்து போகும் வரை எஞ்சின் நிற்க வேண்டும். சத்தமும் வேடிக்கையும் உள்ள இடத்துக்குப் பிள்ளைகள் எப்படி ஓடுவார்கள் என்பது ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் மரத்தையும் பற்றையையும் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சத்தமும் அதிர்வும் குளவியைக் கிளப்பிவிடும். குவியலுக்குள்ளே கம்பி, ஆணி, கல், கயிறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கத்தியில் பட்ட கல் துப்பாக்கி ரவை மாதிரித் திரும்பி வரும்.

மூன்றாவது, கிளையின் அடிப்பக்கத்தை முதலில் கொடுக்க வேண்டும். வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். உருளை கவ்வியதும் கையை விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். கவ்விய கிளை சுழன்று அடிக்கும்.

நான்காவது, சின்னச் சுள்ளிகளைக் கையால் தள்ளக் கூடாது. ஒரு நீளக் கொப்பின் மேலே வைத்துச் சேர்த்து அனுப்பலாம், அல்லது மரக்கம்பால் தள்ளலாம். காலால் உதைத்துத் தள்ளுவதை எங்கே கண்டாலும் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள்.

ஐந்தாவது, மெஷின் அடைத்துக் கொண்டால் எஞ்சினை நிறுத்த வேண்டும், சாவியைக் கழற்ற வேண்டும். சாவி, உள்ளே கை வைக்கப் போகிறவருடைய பையில்தான் இருக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் அந்தப் பாரமான சக்கரம் சுற்றிக் கொண்டே இருக்கும். சத்தம் அடங்கிவிட்டதே என்று மூடியைத் திறக்கக் கூடாது. சக்கரம் முற்றாக நின்றதை உறுதி செய்த பிறகுதான் திறக்க வேண்டும். அதையும் பயிற்சி பெற்றவர் மட்டும்தான் செய்யலாம்.

ஆறாவது, தனி ஆளாக யாரும் அந்த மெஷினில் நிற்கக் கூடாது. கொப்புக் கொடுக்கிறவர் ஒருவர் என்றால், உருளையை நிறுத்தும் தண்டுக்குப் பக்கத்தில் இன்னொருவர் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. கைச்சாடை பேசி வைத்துக் கொள்ள வேண்டும். காலையில் முதல் கொப்புக் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தண்டை அடித்துப் பார்க்க வேண்டும். உருளை நிற்காவிட்டால் அன்றைக்கு அந்த மெஷினில் வேலை இல்லை.

மெஷினில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். நம் ஆட்களுக்கு அது சுவரில் ஒட்டிய படம் மாதிரி. அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதித் தர ஆள் இல்லை என்று சொன்னால், தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். ஒரு பின்னேரம் போதும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்கு அதை வாயால் சொல்லிக் கொடுக்கவும் வருகிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையனை, “சும்மாதானே இருக்கிறான்” என்று கொந்தராத்துக்காரர் இந்த வேலைக்குக் கூப்பிடலாம். நம் நாட்டில் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயது ஆகாதவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் கஷ்டம் இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளையை இந்த மெஷினுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

பேர்

மூன்றாவது விஷயம் நம் பேர். மெஷின் வந்தவுடன், “இத்தனை லோடு அரைத்தால்தான் ஒரு பேர்” என்று கணக்குப் பேச வாய்ப்பு இருக்கிறது. கொழுந்தில் கிலோவுக்காக ஓடுகிற ஓட்டத்தை நாம் அறிவோம். அதே ஓட்டத்தைக் கத்திக்கு முன்னால் ஓடினால் என்ன ஆகும்? லோடு நிறையவில்லை என்கிற அவசரத்தில்தான் ஆள் காலால் உதைப்பார், சக்கரம் நிற்கும் முன் மூடியைத் திறப்பார். ஆகவே இந்த வேலைக்கு நாள் கணக்கு மட்டும்தான். மெஷின் பழுதானால், மழை பிடித்தால், பயிற்சிக்கு இருந்தால், அன்றைக்கும் முழுப்பேர். இதைக் காசுக்கான பிடிவாதம் என்று நினைக்கிறவர்களிடம் சொல்லுங்கள்: நாள் கணக்கும் ஒரு பாதுகாப்புக் கவசம்தான்.

மெஷின் கொந்தராத்துக்காரருடையதாக இருக்கலாம். விபத்து நடந்தால், “அவர் ஆள், எங்களுக்குத் தெரியாது” என்று ஒரு பக்கமும், “தோட்டத்து வேலை, தோட்டத்தைக் கேள்” என்று மறுபக்கமும் கைகாட்ட விடக்கூடாது. யார் பொறுப்பு என்பதை மெஷின் வருவதற்கு முன்னாலேயே நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மெஷினின் ஆபத்தான பாகங்களை மூடிக் காவல் செய்ய வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகிறது. ஆனால் அது தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதியது. திறந்த மலையில் நிற்கும் மெஷினுக்கு அது பொருந்தாது என்று வாதாட இடமிருக்கிறது. அதனால்தான் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறோம். விபத்துக்கு நட்டஈடு பெற, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, ஆகக் கூடிய தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். ஒரு கை போன குடும்பத்துக்கு 20 இலட்சம் எத்தனை வருடத்துக்கு வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தக் காசு கிடைப்பதைவிட அந்தக் கை இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

அப்படியும் ஒன்று நடந்துவிட்டால், முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்துக் கொண்டே இருங்கள். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். தோட்ட லொறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், எது முதலில் வருகிறதோ அதில் ஏற்றுங்கள். பிறகு தலைவருக்குச் சொல்லுங்கள். மெஷினை இருந்த நிலையில் படம் எடுத்து வையுங்கள். கூட நின்றவர்களின் பெயரையும் நேரத்தையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றையும் தொலைக்க வேண்டாம். “அவருடைய கவனயீனம்” என்று ஒரு வரியில் கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். அதற்கு நம் பதில், பயிற்சி கொடுத்த திகதியும் கையொப்பமும் உள்ள பதிவுப் புத்தகம் எங்கே என்பதுதான்.

இங்கே சிலருடைய மனதில் ஒரு கேள்வி இருக்கும். பெரட்டில் பெயர் கூப்பிட்டு அந்த வேலைக்குப் போ என்றால், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தனியாக நின்று சொல்ல வேண்டியதில்லை. “தலைவரைக் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று சொன்னால் போதும். மீதியைத் தலைவர் பேசட்டும். தலைவரால் முடியாவிட்டால் சங்க ஆபிசுக்கு உடனே அழைக்கட்டும். ஒரு பெண் பயந்து போய், சேலையோடும் படங்கோடும் அந்த வாய்க்கு முன்னால் நிற்கும் நிலை எந்தத் தோட்டத்திலும் வரக்கூடாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பெரிய துரைக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதில் நான்கு வரி போதும். மொத்த மிலாறு முதலில் அடுப்புக்கு. கவ்வாத்து இலையும் வாதும் மலையிலேயே இருக்கட்டும். பயிற்சியும் கவசமும் இல்லாமல் மெஷினில் ஆள் நிற்காது. லோடு கணக்கு இல்லை, நாள் பேர்தான். கடிதத்தில் மாதர் தலைவியின் கையொப்பமும் கட்டாயம் இருக்க வேண்டும். விறகைப் பற்றிப் பேச அவரைவிட உரித்துள்ளவர் இல்லை. கொடுத்ததற்கு அடையாளமாகப் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பிரதியைக் கையோடு கொண்டு வாருங்கள். கடிதத்தை வாங்க மறுத்த தோட்டம் எது என்பதையும் வந்து சொல்லுங்கள். அங்கே எல்லாருமாகச் சேர்ந்து போவோம்.